தலைமாட்டுப் பக்கம்

பெட்டி தூக்க ஆள் சேர்க்கும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பேன். ஆறு பேர் வேண்டும். ஜோடி ஜோடியாக உயரம் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் ஒருபக்கம் சரிந்து, போகிற போக்கிலும் குடும்பத்தை வம்புக்கு இழுப்பார். பெட்டி கால் முன்னே, தலை பின்னே என்றுதான் போகும். கனமெல்லாம் தலைமாட்டில் இருக்கும் என்பதால் பின்னால் வரும் இருவர் திடமான ஆட்களாக இருந்தாக வேண்டும். எங்கள் கும்ஹெலிக் பள்ளத்தாக்கில் "தலைமாட்டுல யாரு?" என்று ஒருவர் கேட்டால், செத்தவருக்கு மிகவும் வேண்டியவர் யார் என்று கேட்கிறார் என்று பொருள்.

என் பெயர் மென்னா. அடக்கம் செய்யும் தொழில் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. நீண்ட கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் கோலுடன் சவ வண்டிக்கு முன்னால் நடப்பது நான்தான்.

பத்திரிகையில் சாவு அறிவிப்பு கொடுக்கும்போது கடைசி வரியாக 'ஆண்கள் மட்டும்' என்று போடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். ஆண்கள் கல்லறைக்குப் போவார்கள். பெண்கள் வீட்டில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, பன்றி இறைச்சித் துண்டு வைத்து, அடுக்கி, அவர்கள் திரும்பி வரும் நேரத்துக்குத் தேநீரோடு காத்திருப்பார்கள். வேல்ஸில் மற்ற ஊர்களில் இது அநேகமாக ஒழிந்துவிட்டது. எங்கள் ஊரில் சில கிழங்கள் மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கிழங்களுக்கெல்லாம் தலைவர் இட்வால் ப்ரோபர்ட். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், சேப்பல் என்கிற எங்கள் சிறு தேவாலயத்தில் மூப்பர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். அவரும் யோசிக்காமலே சொல்வார், ஆண்கள் மட்டும் என்று.

அவர் மனைவி எய்ரா இறந்தபோதும் அதே வரிதான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, டெக்வென். அப்போது அவள் பள்ளி முடித்திருந்த பெண். பெற்ற தாயை மண்ணில் இறக்கும்போது அவள் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் வண்டிக்கு முன்னால் தொப்பியோடு நடந்தது நான்தான். எனக்கு அந்த விதி கிடையாது. நான் பெண்ணா ஆணா என்று யாரும் யோசித்ததே இல்லை. அடக்கம் செய்கிறவள், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது டெக்வெனைப் பற்றி. இப்போது எங்கள் பள்ளத்தாக்கின் பஸ்ஸை அவள்தான் ஓட்டுகிறாள். இறங்குகிற ஒவ்வொருவரும் "தேங்க்ஸ், டிரைவ்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள்; டிரைவர் யாரானாலும் இங்கே 'டிரைவ்'தான். அவள் முகத்தில் தாடி இருந்த காலத்திலும் அப்படித்தான் சொன்னார்கள், காதில் தோடு ஏறிய பிறகும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆமாம், தாடி. இருபத்திரண்டு வயதில் அவள் தன்னை ஆண் என்று அறிவித்தாள். தாத்தாவின் பெயரான எம்லினை வைத்துக்கொண்டாள். வரிசையில் காத்திருந்து, மருத்துவர்களைப் பார்த்து, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்தாள். பிறகு மார்பு அறுவை சிகிச்சை. அந்த ஆண்டுகளை எழுதும்போது அவன் என்று எழுதவா, அவள் என்று எழுதவா என்று அவளையே கேட்டேன். "அப்ப அவன், இப்ப அவ. ரெண்டுல எதுவும் பொய் இல்ல மென்னாக்கா. இலக்கணம் உங்க பாடு" என்றாள். அதனால் இனி கொஞ்ச தூரம் அவன்.

இட்வால் ஒரு வருஷம் மகனோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேஜை. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து தானே எடுத்துக்கொள்வார். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு ஒரு நாள் காலை, முன்னறிவிப்பு ஏதுமின்றி, எம்லினைக் கையோடு கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"மென்னா, என் சாவுக்கு இப்பவே ஏற்பாடு பண்ணி வெச்சிடணும்."

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. என் நுரையீரலுக்கு அவசரம். தூசி உக்காந்திருக்குன்னு சொல்லிட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "பெட்டி சாதாரணமா போதும். ஆண்கள் மட்டும். தலைமாட்டுல இவன்."

இவன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன். எம்லினும் அன்றுதான் கேட்டிருக்கிறான். சட்டென்று திரும்பிச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் படிப்பதுபோல் நின்றான். நான் அளவு நாடாவை எடுத்து அவன் தோள் உயரத்தை அளந்தேன். அவசியமில்லைதான். ஆனால் இட்வாலுக்கு வேறு எப்படியும் மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அதன்பின் அப்பனும் மகனும் நன்றாகவே இருந்தார்கள். சனிக்கிழமை ரக்பி, ஞாயிற்றுக்கிழமை சேப்பல். பாமாலை பாடும்போது இருவரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்க்குரல் பாடினார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எம்லின் ஊசியை நிறுத்தினான். இடி மின்னல் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டில் சரியாக இருந்த சட்டை முப்பத்தொன்றில் அக்குளில் பிடிக்கிறதே, அதுபோலத்தான் என்று பிற்பாடு சொன்னாள். என் அலுவலகத்துக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கோப்பைத் தேநீர் குடித்து முடித்தபின்தான் பேச்சே வந்தது.

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா பிள்ள?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இந்தப் பக்கம் போறவங்களுக்கு ஒரு பாதை இருக்கு, அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்கள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, படிச்சுட்டு சொல்றேன்னாங்க. தெரியாததத் தெரியாதுன்னு சொன்னாங்களே, அதுலயே எனக்கு அவங்கமேல நம்பிக்கை வந்துடுச்சு."

டாக்டரம்மா படித்துவிட்டுத்தான் சொன்னார். கருப்பையும் சினைப்பையும் எடுக்காததால் உடம்பு தன் ஹார்மோனைத் தானே சுரக்கத் தொடங்கும், ஆனால் அதுவரை ஒழுங்காக இரத்தம் பரிசோதிக்க வேண்டும், எலும்பு பலவீனப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சில மாதங்கள் எரிச்சலும் வியர்வையும் தூக்கமின்மையும். பஸ்ஸின் கண்ணாடியைத் திறந்துவைத்துப் பனிக்காலத்தில் ஓட்டி, பயணிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் மாதவிலக்கு வந்தது. குழந்தை பிறக்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. தாடி தானாகப் போகாது. மின்ஊசியால் ஒவ்வொரு முடியாகப் பொசுக்க வேண்டும், மேலுதட்டில் பொசுக்கும்போது கண்ணீர் வரும். குரல் இறங்கினது இறங்கினதுதான். பேச்சுப் பயிற்சிக்குப் போய் கொஞ்ச நாள் மேலே ஏற்றிப் பார்த்தாள்.

"என் வாயில வேற யாரோ டிக்கெட் கேக்கற மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றாள்.

எங்கிருந்தோ ஒரு தொலைக்காட்சிக்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். மருத்துவர்கள் உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார்கள் என்று கேமரா முன்னால் சொல்ல வேண்டுமாம். அவரிடம் அவள் சொன்னதை எனக்கு நடித்தே காட்டினாள். "டாக்டருங்க என்னைக் கேள்வி இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம், அது உண்மை. ஆனா அந்த ஒம்பது வருஷத்துலதான் நான் மூச்சு விடக் கத்துக்கிட்டேன், அதுவும் உண்மை. ரெண்டையும் போடுவீங்களான்னு கேட்டேன். போன வெச்சுட்டாரு."

அந்தப் பக்கம் அப்படி என்றால், பழைய நண்பர்களில் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காடோக் மட்டும் நேரில் வந்தான். அவனும் திருநம்பி, எம்லினுக்கு எல்லாவற்றிலும் துணை நின்றவன். அவள் பஸ்ஸில் முதல் இருக்கையில் உட்கார்ந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாதாடினான். உன்னைக் காட்டி என்னை அடிப்பார்கள் என்பதுதான் அவன் பயம். "என் கால்ல கடிக்குதுன்னு உன் செருப்ப நான் கழட்டச் சொல்வேனா? யாராவது சொன்னா, அவங்கள என்கிட்ட அனுப்பு" என்றாளாம் இவள். கடைசி நிறுத்தத்தில் அவனும் "தேங்க்ஸ், டிரைவ்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

திரும்பி வந்துவிட்டாள் என்று ஊரில் யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "பஸ்தான் திரும்பி வரும். நான் முன்னாலதான் போய்ட்டிருக்கேன்" என்பாள்.

இத்தனைக்கும் கலங்காதவள் என்னிடம் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக.

"மென்னாக்கா, அப்பாகிட்ட சொன்னா என் இடம் போயிடுமா?"

"என்னப் பொறுத்தவரைக்கும் தோள் அதே தோள்தான். ஆனா அந்த வரி அவரு குடுத்தது. செத்தவரு கேட்டத மாத்தற அதிகாரம் எனக்கு இல்ல" என்றேன். பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இட்வாலின் தங்கை கெய்னோர் அந்த வீட்டிலேயே இருந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். அவளுக்கு ஒரு வழியும் தெரிந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தானே அவரு. அதுவரைக்கும் தாடிய விட்டு வை. எம்லினாவே இரு. தூக்கி முடிச்சுட்டு அப்புறம் எப்படி வேணாலும் இருந்துக்கோ. உங்க அம்மா சாவுக்குப் போக முடியலன்னுதானே நீ ஆம்பளையாவே ஆன?"

"அத்தை, ஒரு சாவுக்குப் போறதுக்காக யாராவது ஒம்பது வருஷம் ஊசி போட்டுக்குவாங்களா?" என்று இவள் சிரித்துவிட்டாள். ஆனால் தாடியைப் பற்றிச் சொன்னதற்குச் சிரிக்கவில்லை. அது எளிய வழி. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அவள் எடுக்கவில்லை. பாமாலை ஒன்றை மாற்ற வேண்டும் என்று இட்வால் என்னைக் கூப்பிட்டிருந்த மதியம் அது. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள், ஆக்சிஜன் குழாய் மூக்கில். அவள் வேலை முடிந்து சீருடையோடு, இன்னும் எடுக்காத தாடியோடு வந்தாள்.

"அப்பா, பாட்ட அப்புறம் மாத்தலாம். ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுடா."

"நான் ஊசிய நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகுது. இனிமே எம்லின் இல்லப்பா. டெக்வென்."

இட்வால் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல. நல்லா இருக்கேன்."

"பஸ்ல எவனாவது மிரட்டினானா?"

"என்னை எவன் மிரட்டுவான், பிரேக் என் கால்ல இருக்கு."

"குரலு?"

"இதேதான், சாகற வரைக்கும்."

அடுத்த கேள்வியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நெஞ்சு?"

"இப்படியேதான். வேணும்னா மறுபடி ஆபரேஷன் பண்ணலாம்னாங்க. வேணாம்னுட்டேன்."

"வருத்தமா இருக்கா?"

"சில நாள் இருக்கு. கண்ணாடி முன்னாடி நிக்கும்போது. இல்லன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் நல்லா வருது."

அவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். "உன்ன ஒரு வருஷம் பேசாம வதைச்சேன். அப்புறம் நானே இறங்கி வந்தேன். இப்ப ரெண்டுல எத நான் திருப்பி எடுத்துக்கறது?"

"ஒண்ணையும் எடுக்காத. அன்னைக்கு நீ இறங்கி வந்தது அன்னைக்கு எனக்கு வேண்டியிருந்துச்சு. அது இன்னும் செல்லும்."

சமையலறையிலிருந்து கெய்னோர் தலையை நீட்டினாள். "நான்தான் சொன்னேன்ணா, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லி..."

"உனக்குத் தெரியுமா?" கிழவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கும்?"

"தெரியும்" என்றேன்.

"அப்ப ஊரே எனக்கு முன்னாடி கேட்டாச்சு." அவருக்கு உண்மையான கோபம் அங்கேதான் வந்தது. முகம் கல்லாகிவிட்டது. "சரி. மகளா இரு, சந்தோஷம். ஆனா ஆண்கள் மட்டும்னு நான் சொன்னது சொன்னதுதான். என் பேச்சக் கேட்டு இந்தத் தெருப் பொம்பளைங்க எத்தனை பேரு வீட்ல நின்னாங்க. என் பிள்ளைக்குன்னு வரும்போது நான் விதிய மாத்தினா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தாடிய வெச்சுக்கிட்டு பேசாம இருந்திருந்தா நீ தடுத்திருக்க மாட்ட. உன்ன ஏமாத்தி உன் தலையத் தூக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா அப்பா, ஒண்ணு கேட்டுக்கோ. நான் மறுபடி ரொட்டிக்கு வெண்ணெய் தடவ மாட்டேன். அம்மாவுக்குத் தடவினது போதும். நீ எந்த வரியப் போட்டாலும் போடு, நான் கல்லறைக் கேட்டுக்கு வெளியிலயாவது நிப்பேன்."

சொல்லிவிட்டு அவர் போர்வையைச் சரிசெய்தாள். அதே நிதானத்தோடு அடுத்த வேளை மருந்தையும் எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பின் சில நாட்கள் அந்த வீட்டிலிருந்து சேதி இல்லை. மறுபடி உப்பைத் தானே எடுக்கும் காலம் வந்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு காலையில் கெய்னோர் போன் செய்தாள், அண்ணன் உடனே வரச் சொல்கிறார் என்று. போனேன்.

இட்வால் என்னை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தார்.

"மென்னா, எய்ராவ அடக்கம் பண்ணப்ப நீ எங்க இருந்த?"

"வண்டிக்கு முன்னால."

"அதுக்கு முன்னாடி என் தம்பிக்கு?"

"வண்டிக்கு முன்னால."

"ஆண்கள் மட்டும்னு போட்டிருந்துச்சே."

"போட்டிருந்துச்சு."

"நீ பொம்பளைதானே?"

"கடைசியா பாத்தப்ப ஆமா."

கெய்னோர் சமையலுக்காக முன்னால் கட்டியிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"இத்தன வருஷமா தொப்பி போட்டு முன்னாடியே நடந்திருக்கா ஒருத்தி. நான் பின்னாடியே போயிருக்கேன். ஒருத்தனும் என்கிட்ட சொல்லல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன். எனக்கும் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. "தொப்பி இருந்தா உங்க கண்ணுக்கு ஆளு தெரியாது, இட்வால். தாடி இருந்தாலும் தெரியாது."

அவர் மறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே டெக்வெனின் பஸ் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார்.

"தலைமாட்டுல யாருன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க."

"தோள் உயரம் மாறிடுச்சா?"

"அதேதான்."

"அப்ப என்ன. அந்தக் கடைசி வரிய எடுத்துடு." பிறகு சமையலறைப் பக்கம் கழுத்தைத் திருப்பினார். "கெய்னோர், சாண்ட்விச்ச கடைல வாங்கிடு."

"கடை சாண்ட்விச்சா? அதுல வெண்ணெயே இருக்காதேண்ணா."

"இல்லாட்டி போகுது. அன்னைக்குத் தடவறதுக்கு வீட்ல யாரும் இருக்க மாட்டீங்க."

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் அவரே சொன்னாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். "'தலைமாட்டுல நீதான் பொண்ணே, முதுக நிமித்திப் பழகு'ன்னார்" என்றாள்.

வசந்தம் வரும்போது இட்வால் போய்விட்டார். அறிவிப்பில் கடைசி வரி இல்லை. ஊரே அதை இரண்டு தடவை படித்தது. அன்று காலை நான் வண்டிக்கு முன்னால் நடந்தேன். பின்னால் தலைமாட்டில் ஒரு பக்கம் டெக்வென், பஸ் கம்பெனியின் கறுப்புக் கோட்டும் காதில் எய்ராவின் தோடுமாக. அவள் உயரத்துக்கு ஊரில் ஜோடி தேடிப் பார்த்ததில் காடோக்தான் ஒத்துவந்தான். பெட்டி ஒரு இம்மிகூடச் சாயவில்லை.

கல்லறைக் கேட்டில் பெண்கள் கூட்டமாகத் தயங்கி நின்றுவிட்டார்கள். பலருக்கு உள்ளே சொந்த அப்பனும் அண்ணனும் கிடக்கிறார்கள். அடக்கம் நடக்கும்போது உள்ளே போய்ப் பழக்கமில்லை. கெய்னோர்தான் கேட்டாள், "நாங்க எந்தப் பக்கம் நிக்கணும்?"

"எங்க வேணும்னாலும் நில்லு அத்தை" என்றாள் டெக்வென், தோளில் அப்பாவோடு.

குழியைச் சுற்றிப் பாமாலை பாடினோம். பெண்கள் மேல்குரலை எடுத்தார்கள். அவள் தன் குரல் எங்கே இருந்ததோ அங்கே, ஆண்களோடு கீழே பாடினாள். போதகர் ஜெபம் முடித்தார், கயிற்றில் பெட்டியை இறக்கினோம். எல்லோரும் கலையத் தொடங்கிய பிறகும் அவள் விளிம்பிலேயே நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"இதுக்குக் கீழதானே அம்மா?"

"ஆமா, ஒரே குழிதான். நடுவுல கொஞ்சம் மண்ணு, அவ்வளவுதான்."

எட்டிப் பார்த்தாள். கையில் இருந்த மண்ணைப் பாதி போட்டாள், கொஞ்சம் பொறுத்து மீதியையும் போட்டாள்.

"அப்ப ரெண்டு பேரையும் நான் இன்னைக்குத்தான் அனுப்பறேன்" என்றாள்.

கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோருடனும் கல்லறை மேட்டிலிருந்து இறங்கினாள். வீட்டில் கடை சாண்ட்விச் காத்திருந்தது, வெண்ணெய் இல்லாமல்.